முதலில் போகிறவள்

உள்ளே வந்து நில்லும்மா என்று அம்பயர் ரெண்டு தடவை சொல்லியாயிற்று. மாடத்தி இன்னும் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியிலேயே நின்று ஷூ முனையால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள், ஏதோ புதைத்து வைத்ததைத் தேடுகிற மாதிரி. வாரேன் சார், ஒரு நிமிஷம் சார். கிண்டி எடுக்க அங்கே என்ன இருக்கு, வெயில் தின்று பொடியாய்ப் போன செம்மண்தான். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு காலேஜ் மைதானம், மத்தியானம் மணி ஒண்ணு, வேப்ப மரத்து நிழல்கூட வெயிலுக்குப் பயந்து மரத்தடியிலேயே ஒண்டிக் கிடந்தது. பெண்கள் பேஸ்பால், மாவட்டத்துக்கு மாவட்டம், கடைசி ஆட்டம், அதிலும் கடைசி முறை. ஈரோட்டுக்காரிகள் நாலு ஓட்டம், தூத்துக்குடி மாவட்டத்துக்காக ஆடுகிற இந்தக் கோவில்பட்டிப் பிள்ளைகள் மூணு ஓட்டம். மூணு பேர் அவுட் ஆவதற்குள் ஒரு ஓட்டம் எடுத்தால் ஆட்டத்துக்கு உயிர் உண்டு, ரெண்டு எடுத்தால் கப்பு உண்டு. முதலில் போகிறவள் மாடத்தி. எப்போதும் அவள்தான் முதல். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது, அவளைப் பெஞ்சில் உட்கார வைக்க முடியாது, அவ்வளவுதான். உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஆடினால் பெஞ்சு ஆடும், பெஞ்சு ஆடினால் பக்கத்தில் இருக்கிறவள் வாயில் வைத்த தண்ணீர் மூக்கில் ஏறும். டீமைக் கட்டி மேய்க்கிற தவசிக்கண்ணு சார் ஒரு நாள் தலையில் கையை வைத்து, "ஏ, இவள முதல்ல அனுப்பித் தொலைங்கப்பா, பெஞ்சாவது பிழைச்சுக் கெடக்கட்டும்" என்றார். அன்றைக்கிலிருந்து அவள் முதல் ஆள். பிறகுதான் தெரிந்தது, முதலில் போகிறவளுக்கு வேண்டியதெல்லாம் இவளிடம் இல்லாததுதான் என்று. நிற்கணும். பொறுக்கணும். ஆசைப்படக் கூடாது. பந்து போடுகிறவளிடம் என்னென்ன சரக்கு இருக்கு என்று அத்தனையையும் எடுத்துப் பரப்ப வைத்து, பார்த்துவிட்டு வந்து பின்னால் வருகிறவளிடம் சொல்லணும். துணிக் கடையில் பத்துச் சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து வருகிற அத்தைமாரைப் போல. கடைக்காரன் மூஞ்சி எப்படிப் போகும், அப்படிப் போகணும் பந்து போடுகிறவள் மூஞ்சி.

ஆனால் அந்த நீலப் பந்தல். பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க கண் அங்கேதான் போகிறது. பந்தலுக்குக் கீழே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் தமிழ்நாட்டு டீமுக்கு ஆள் பொறுக்குகிற நாலு பேர், ஒருத்தர் இளநீர் குடிக்கிறார், ஒருத்தர் அட்டையில் எழுதுகிறார். என்ன எழுதுகிறார்? காலையில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபோது பந்தல் துணிக்குப் பின்னாலிருந்து கேட்ட பேச்சு இன்னும் காதில் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. கோவில்பட்டிப் பிள்ளைகள்ல ஒண்ணுதான் எடுக்க முடியும், முதல் ஆளா ரெண்டாவது ஆளா என்று ஒரு குரல். முதல் ஆள் எங்கய்யா அடிச்சது, நாலு மேட்சா நடந்து நடந்தே போகுது, கோயிலச் சுத்துற மாதிரி என்று இன்னொரு குரல். அப்புறம் சிரிப்பு. அதோடு போயிருந்தால் தேவலை. டிரம்முக்கு அந்தப் பக்கம் டம்ளரும் கையுமாக அற்புதமணி நின்றிருந்தாள், ரெண்டாவது ஆள், அவளும் கேட்டாள். ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அற்புதம் டம்ளரில் பாதித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டுப் போனாள். காலையிலிருந்து பேச்சில்லை. ஏழு வருஷமாக ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒருத்தி ஜன்னல் பக்கம் என்றால் திரும்புகிறபோது மற்றவள் ஜன்னல் பக்கம், ஒரு தூக்குச்சட்டிப் புளியோதரையில் ரெண்டு கை. இன்றைக்குப் பேச்சில்லை. தமிழ்நாட்டு டீமில் ஒரு தடவை ஆடிவிட்டால் ஒரு காகிதம் கொடுப்பார்கள். அந்தக் காகிதம் இருந்தால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். மாடத்திக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோடு சரி. அற்புதத்துக்கு மாமியார் வரம்பு. மூணு வயசுப் பிள்ளையை விட்டுட்டுப் பந்தடிக்கப் போறது இதான் கடைசின்னு சொல்லிட்டா என்று போன வாரம் பஸ்ஸில் சொன்னாள், சிரித்துக்கொண்டே சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் வேணும். எனக்கும் வேணும். காகிதம் ஒண்ணு.

"ஏனுங்க்கா, உள்ள வர்றதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்று பின்னால் பந்து பிடிக்கக் குத்த வைத்திருந்த ஈரோட்டுக் கேட்சர் கேட்டாள். குண்டுப் பிள்ளை, முகமூடிக்குள்ளே கன்னம் பிதுங்கியது. மாடத்தி உள்ளே வந்து நின்றாள். மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். இருபத்தஞ்சு தப்படி தள்ளி மண்மேட்டில் பந்து போடுகிற அந்த ஈரோட்டு நெட்டச்சி, பேர் என்னவோ, எல்லாரும் நெட்டச்சி என்றுதான் சொல்கிறார்கள், கையைக் கூட்டி, காலைத் தூக்கி, விட்டாள். வந்தது தெரியும், போனது தெரியாது. கேட்சர் கையில் சடார் என்று விழுந்தது. "ஸ்ட்ரைக்" என்றார் அம்பயர். முழங்காலுக்கு மேல், நெஞ்சுக்குக் கீழ், காலடியில் பதித்திருக்கிற தட்டுக்கு நேராக வருகிற பந்தை விட்டால் அது ஸ்ட்ரைக், வீசித் தப்பவிட்டாலும் ஸ்ட்ரைக், மூணு ஆனால் வீட்டுக்குப் போகலாம். அந்த எல்லைக்கு வெளியே வருகிற பந்தை வீசாமல் விட்டால் அது பால், நாலு ஆனால் அடிக்காமலே, ஓட்டத்துக்குச் சுற்ற வேண்டிய நாலு மூலையில் முதல் மூலையான முதல் பேஸுக்கு நடந்து போகலாம். நடந்துதான் போகிறாள் நாலு மேட்சாக. முதல் பந்தை எப்போதும் விட்டுவிடுவாள், அது பார்க்கிறதுக்கு. பார்த்தாச்சு. வேகம். பந்தலில் எழுதுகிறவர் எழுதினார். என்ன எழுதியிருப்பார், முதல் ஆள் சும்மா நிக்குது என்றா? அடிக்கணும். இன்றைக்கு நடக்கக் கூடாது, அடிக்கணும், ஒரே ஒரு அடி, சத்தம் கேட்கணும் அந்த நாற்காலி வரைக்கும், இளநீர்க்காரர் கையிலிருந்து ஸ்ட்ரா நழுவணும்.

ரெண்டாவது பந்து நேராகத்தான் வந்தது. பாதி தூரம் நல்ல பிள்ளை மாதிரி வந்துவிட்டு, கிட்ட வந்ததும் படிக்கட்டு இறங்குவது போலக் கீழே இறங்கியது. மாடத்தியின் மனசு வேண்டாம் என்றது, அது சொல்லி முடிப்பதற்குள் கை போய்விட்டது. காற்றை அடித்தாள். ரெண்டு ஸ்ட்ரைக். பெஞ்சிலிருந்து தவசிக்கண்ணு சார், "ஏ மாடத்தி, இது ஹாக்கி இல்லம்மா" என்று கத்தினார். தெரியும். அதுதான் வினை. கோவில்பட்டியில் பிறந்த பிள்ளைக்குக் கையில் முதலில் ஏறுவது ஹாக்கி மட்டை. எட்டு வயசில் கருவேலங்கம்பு, பத்து வயசில் அண்ணன் ஆடி உடைத்து ஆணியடித்துக் கட்டிய மட்டை, தரையில் உருண்டு வருகிற பந்தைக் கண்டால் குனிந்து அறைவது கைக்குப் பாடம், சோற்றை வாயில் வைக்கிற மாதிரி. பதினேழு வயசில் ஹாக்கி டீமிலிருந்து கழித்துவிட்டார்கள். லிஸ்டு ஒட்டின சுவருக்கு முன்னால் நின்று பேரைத் தேடினாள், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், ஒரு வேளை பின்பக்கம் எழுதியிருப்பார்களோ என்று காகித ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொருத்தியும் அதே மாதிரி தூக்கிப் பார்த்தாள். அதுதான் அற்புதம். அப்படிக் கழித்துப் போட்ட பிள்ளைகளைப் பொறுக்கித்தான் தவசிக்கண்ணு சார் இந்தப் பேஸ்பால் டீமைக் கட்டினார், அதனால் இந்த டீமில் அத்தனை பேருக்கும் ஒரே சீக்கு, தாழ்ந்து வருகிற பந்தை விடத் தெரியாது. மாவட்டம் பூராவும் இது தெரியும். நெட்டச்சிக்குத் தெரியாமலா இருக்கும். ஆட்டம் முழுக்க இதைத்தானே போட்டுப் போட்டு வீழ்த்துகிறாள். ரெண்டு ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று. கழுத்துக்குப் பின்னால் வேர்வை ஒரு எறும்பு மாதிரி இறங்கியது. கால் ஆடத் தொடங்கியது, குதிகால் தூக்கி இறங்கி, தூக்கி இறங்கி. இப்படித்தான் வேலை பார்க்கிற தீப்பெட்டி ஆபீசிலும். பெட்டி அடுக்குகிற பலகைக்குக் கீழே கால் ஆடும், பலகை ஆடும், அடுக்கின டஜன் சரியும், மேஸ்திரி அக்கா, "ஏட்டி, உனக்கு மட்டும் பூமி அதிருதா?" என்பாள். நாளை மறுநாள் அங்கேதான் போய் நிற்கணும். ரெண்டு நாள் லீவு கேட்டதற்கு, "பந்து அடிச்சா நீ என்ன கலெக்டர் ஆவியா?" என்று கேட்டாள். கலெக்டர் இல்லக்கா, போலீஸு. அதைச் சொல்லவில்லை, சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள், சொல்லாமல் வைத்திருந்தால் சிரிக்க ஆளில்லை.

மூணாவது பந்து தலைக்கு மேலே போனது, அதைக் குருடி கூட விட்டுவிடுவாள். பால் ஒன்று. நாலாவது வேகம், மாடத்தி கொஞ்சம் பிந்தித்தான் வீசினாள், மட்டை ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே தெறித்து, வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆட்டை விரட்டியது. வெளியே போனது கணக்கில் இல்லை, ஆள் பிழைத்தாள். உள்ளங்கை எரிந்தது, மட்டை அதிர்ந்து முழங்கை வரைக்கும் ஏறி நின்றது. "நல்ல அடிங்க்கா, ஆட்டுக்குத்தான் புடிக்கலை" என்றாள் கேட்சர். மாடத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கினாள், சிரித்தால் பந்தலில் என்ன நினைப்பார்கள். அடக்கினதில் மூச்சு இடறியது. எதற்கு இப்படிப் பயப்படுகிறேன்? அடித்தால் கை தட்டப் போகிறார்கள், அவுட் ஆனால் அய்யோ என்று சொல்லப் போகிறார்கள், ரெண்டும் ஒரு வாய்தான். இல்லை, ஒரு வாய் இல்லை. திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, முதுகுக்குப் பின்னால் பத்துத் தப்படியில் அற்புதம் மட்டையைத் தரையில் ஊன்றி நின்றுகொண்டிருக்கிறாள், அடுத்து அவள். அவள் இப்போது என்ன நினைப்பாள்? மாடத்தி அவுட் ஆகணும் என்றா? அப்படி நினைத்தால் தப்பா? அவள் இடத்தில் நான் நின்றால் நினைக்க மாட்டேனா? நினைப்பேன். வாயால் அடி அடி என்று கத்திக்கொண்டே உள்ளே நினைப்பேன். சீ. அற்புதம் கத்தவில்லை. அதுவாவது நல்லது, பொய்க்குக் கத்தவில்லை.

அஞ்சாவது பந்துக்கு நெட்டச்சி கையைக் கூட்டினாள். பந்து பிடித்த வலது கை இடது கையிலிருக்கிற தோல் உறைக்குள்ளே போனது, போய்க் கொஞ்சம் கூட நேரம் இருந்தது, அப்போது உறை லேசாக விரிந்தது, அடைக்கு உட்கார்ந்த கோழி இறக்கையைத் தளர்த்திக் கொடுக்கிற மாதிரி. அதை மாடத்தி பார்த்தாள் என்று சொல்வதா, கண் தானாக எடுத்து வைத்துக்கொண்டது என்று சொல்வதா. பந்து வந்தது, கிட்ட வந்து இறங்கியது. கை கிளம்பிவிட்டது. பாதியில் பிடித்து நிறுத்தினாள், தோள்பட்டை மளுக்கென்றது. "பால்" என்றார் அம்பயர். ரெண்டும் ரெண்டும். என்னது அது? உறை ஏன் விரிந்தது? பந்தைக் கீழே இறக்க விரலை மாற்றிப் பிடிக்கணும், விரலை மாற்ற உள்ளே இடம் வேணும், இடத்துக்காக உறை விரியுது. அப்படித்தானா? ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சொல்ல முடியாது, ஒரு தடவை பார்த்து நம்பினதெல்லாம் எப்படிப் போச்சு என்று அவளுக்கு அனுபவம் உண்டு. ஆறாவது பந்து. உறையையே பார்த்தாள். விரியவில்லை, மூடின வாய் மாதிரி இருந்தது. வேகம், நேர். வீசினாள், மேலே பட்டுப் பின்பக்கம் வலையில் போய் விழுந்தது, மறுபடி கணக்கில் இல்லை, மறுபடி பிழைத்தாள். நெஞ்சு திக் திக்கென்றது, பயத்தில் இல்லை, கண்டுபிடித்துவிட்ட திருட்டுச் சந்தோஷத்தில். ஆட்டம் முழுக்க எவளும் பார்க்காதது. ஏழாவது பந்து உள்ளே இடுப்புக்கு வந்தது, வயிற்றை எக்கித் தப்பினாள். மூணு பால், ரெண்டு ஸ்ட்ரைக். இனி ஒரு பந்துதான், வெளியே தெறிக்காவிட்டால் அதோடு முடிந்துவிடும். மைதானமே எழுந்து நின்றது. "மாடத்தி, பாத்து, பாத்தும்மா" என்றார் தவசிக்கண்ணு சார், அவர் குரல் உடைந்து வந்தது. பந்தலில் இளநீர்க்காரர் காயைக் கீழே வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். 

நெட்டச்சி நிமிர்ந்து நின்றாள். தொப்பியைச் சரி பண்ணினாள். கை உறைக்குள்ளே போனது. விரிந்தது. உறை விரிந்தது. கீழே வரப் போகிறது, எல்லைக்குக் கீழே, முழங்காலுக்கும் கீழே, விட்டால் பால், நாலாவது பால், நடந்து போகலாம், டீமுக்கு ஒரு ஆள் பேஸில், கப்புக்கு வழி. நடந்து போகலாம், கோயிலச் சுத்துற மாதிரி, அவர் அட்டையில் எழுதுவார், மறுபடியும் நடை. இல்லாவிட்டால் அடிக்கலாம். இப்போது எங்கே வரும் என்று தெரியுமே, தெரிந்துவிட்ட பந்து வீட்டுப் பந்து மாதிரி, ஒரு எட்டு முன்னால் வைத்து, இடுப்பை இறக்கி, ஹாக்கியில் அறைகிற மாதிரி ஒரே அறை, கைக்குத்தான் பாடமாச்சே, மண்ணைத் தொட்டுப் போகிற பந்து பறந்து போய் வேலியில் விழும், நாலு நாற்காலியும் பின்னால் சரியும், பேர் எழுதுவார்கள், மாடத்தி என்று, மேலிருந்து கீழாகத் தேட வேண்டாம். தப்பினால் அவுட். பத்துக்கு நாலு தடவை படும், இல்லை மூணு. பந்து கையை விட்டுக் கிளம்பியாச்சு, இதை எல்லாம் நினைக்க எங்கே நேரம், ஆனால் நினைத்தாள், அத்தனையும் நினைத்தாள், கை ரெண்டும் போகட்டுமா போகட்டுமா என்று கயிற்றில் கட்டின நாய் மாதிரி இழுத்தது, பல்லைக் கடித்தாள், கால் ஆட்டம் நின்றது, குதிகால் ரெண்டும் மண்ணில் இறங்கின, பந்து கிட்ட வந்து, ஆமாம், இறங்கியது, அவள் நினைத்தபடியே இறங்கியது, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே அவளைக் கடந்து போனது. விட்டுவிட்டாள். உடம்பு பூராவும் பச்சைத் தண்ணீர் ஊற்றின மாதிரி இருந்தது. மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸைப் பார்த்து ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

"ஸ்ட்ரைக் மூணு. அவுட்." அம்பயர் கையை மடக்கிக் காற்றில் குத்தினார். மாடத்தி எடுத்து வைத்த காலைத் திரும்ப எடுக்கத் தெரியாமல் நின்றாள். ஈரோட்டுப் பக்கம் கூச்சல். கேட்சர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டே வாய்க்குள்ளே, "என்ர கை மண்ணத் தொட்டுட்டு இருந்துச்சுங்க்கா. அது பாலுதானுங்க" என்றாள், முகமூடியைக் கழற்றாமல், அவளுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும். சண்டை போடலாமா? பந்தல் பார்த்துக்கொண்டிருக்கிறது. சண்டை போடுகிற பிள்ளை வேண்டாம் என்று அதையும் எழுதுவார்கள். எழுதினால் என்ன, இனி எழுத என்ன இருக்கு. குனிந்து மட்டையை எடுத்தாள். திரும்பி நடந்தாள். இதுவும் நடைதான். பத்துத் தப்படி. அடித்திருக்கலாம். சரியாகப் பார்த்தேன், சரியாக விட்டேன், அவுட். தப்பாகப் பார்த்து வீசியிருந்தாலும் இதே அவுட். அப்போ சரியாகப் பார்த்ததை எங்கே கொண்டு போய் வைக்க? அப்போதுதான் உறைத்தது. பார்த்தது இன்னும் கையில் இருக்கு. கோழி இறக்கை. யாருக்கும் தெரியாதது. இந்த டீமுக்கு நல்ல ஹெல்மெட் ஒன்றுதான், மற்ற ரெண்டில் ஒன்று காது உடைந்தது, ஒன்று சின்னப் பிள்ளைத் தலைக்கு. அதனால் அவுட் ஆகி வருகிறவள் கழற்றி அடுத்தவள் கையில் கொடுக்கணும், கொடுக்கிறபோது பார்த்ததைச் சொல்லணும், இது இந்த டீமில் எழுதாத வழக்கம். அடுத்தவள் அற்புதம். சொன்னால் அவள் அடிப்பாள். அடித்தால் அவள் பேர். சொல்லாவிட்டால், சொல்லாமல் என்ன, வேகமா போடுதா, பாத்துக்கோ என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை, வேகமாகத்தானே போடுகிறாள். பாதி உண்மை சொன்னவளை யார் பிடிக்க முடியும்? அற்புதமும் தாழ்ந்த பந்துக்கு வீசுவாள், அவளும் ஹாக்கிக்காரிதான், ரெண்டு பேரும் அவுட், ரெண்டு பேரும் ஒன்றுமில்லை என்றால் ஒரு வேளை வயசைப் பார்த்து, ஒரு வேளை நாலு மேட்சில் பேஸுக்குப் போனதைப் பார்த்து. ஒன்பது தப்படி. எட்டு. வேகமா போடுதா. நாக்கில் தயாராக இருந்தது, உப்பாக இருந்தது. ஹெல்மெட் வாரை அவிழ்த்தாள்.

அற்புதமணி கையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டைத்தான் பார்த்தாள். மாடத்தி கொடுத்தாள், ஆனால் விடவில்லை, ஒரு பக்கம் அவள் பிடித்திருந்தாள், ஒரு பக்கம் இவள் பிடித்திருந்தாள். "அவ கையில போட்டிருக்க உறையப் பாரு. கீழ போடுறதுக்கு முன்னால அது விரியும். விரிஞ்சா விட்டுரு. விரியலன்னா வேகம், நேரா வரும், அடி." சொல்லிவிட்டாள். வாய் சொல்லிவிட்டது. அற்புதம் இப்போது முகத்தைப் பார்த்தாள், அவள் கண்ணுக்குக் கீழே வேர்வை நின்றது. "எதுக்குட்டி எனக்குச் சொல்லுத?" என்றாள். "வேற யாருக்குச் சொல்ல? ஆட்டுக்கா?" "விட்டுருன்னு சொல்லுத. நீயும் விட்டுத்தான அவுட்டான?"  மாடத்திக்கு இது தோன்றவே இல்லையே. ஆமாம், விட்டுத்தான் அவுட். பார்த்தவர்கள் யாரும் இப்படித்தான் நினைப்பார்கள், விட்டு அவுட் ஆனவள் வந்து அடுத்தவளையும் விடச் சொல்கிறாள், எதற்கு, அவளையும் அவுட் ஆக்குவதற்கு. இளநீர்க்காரர் கேட்டால் கூட அதைத்தான் சொல்வார். அம்பயர் "அடுத்த ஆளு வாங்கம்மா" என்று கூப்பிட்டார். அற்புதம் ஹெல்மெட்டை இழுத்தாள். என்ன சொல்லி நம்ப வைக்க? சாமி மேல் சத்தியம் பண்ணலாம், அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், எந்தச் சாமி மேல் பண்ண? உன் பிள்ளை மேல சத்தியம் என்று சொல்ல வாய் கூசியது. காலையிலிருந்து பேசாத வாய், இப்போது எதைச் சொன்னாலும் விலைக்கு விற்கிற மாதிரி இருக்கும். "அந்தப் பந்து பாலுதான், கேட்சர்காரியே சொன்னா" என்றாள். அற்புதம் உதட்டைச் சுழித்தாள். "அவ ஈரோட்டுக்காரி." "வாங்கம்மா" என்றார் அம்பயர் மறுபடி. அப்போது மாடத்தி ஹெல்மெட்டை விட்டுவிட்டாள். "உன்ன ஏய்க்கணும்னா வேகமா போடுதான்னு மட்டும் சொல்லிட்டுப் போயிருப்பேன்ட்டி. வாற வழியெல்லாம் அதத்தான் நெனச்சிட்டு வந்தேன். நாக்கு வரைக்கும் வந்துட்டு." சொன்னதும் காது ரெண்டும் சூடானது. இதைச் சொல்லியிருக்க வேண்டாம். அற்புதம் அவளைப் பார்த்தாள், லிஸ்டுக் காகிதத்தின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்த அதே பார்வை. பிறகு ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தாள். "ஒரே வேர்வை நாத்தம்" என்றாள். போய்விட்டாள்.

நம்பினாளா? நம்பவில்லையா? பெஞ்சில் தவசிக்கண்ணு சார் நகர்ந்து இடம் கொடுத்தார், "உக்காரும்மா, நல்லாத்தான் விட்ட, நான் பாத்தேன்" என்றார். அவள் உட்காரவில்லை. பெஞ்சின் மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஏன் சொன்னேன்? இப்போது அவள் நம்பாமல் தாழ்ந்த பந்துக்கு வீசி அவுட் ஆனால் நான் சொன்னது நல்லதா கெட்டதா? நம்பி விட்டு அம்பயர் மறுபடி ஸ்ட்ரைக் கொடுத்தால்? ஆயுசுக்கும் அவள் அந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். மண்மேட்டில் நெட்டச்சி கையைக் கூட்டினாள். உறை விரிந்தது. மாடத்தி பெஞ்சு மூலையை நெரித்தாள். பந்து கிளம்பி, நல்ல பிள்ளை மாதிரி வந்து, கிட்ட வந்து, படிக்கட்டு இறங்கி, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே போனது. அற்புதமணியின் தோள் துள்ளியது, மட்டை நுனி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். வீசவில்லை. "பால்" என்றார் அம்பயர்.

பாலாம். அதே பந்து, அதே சாண், அதே மண், ஒரு நிமிஷத்துக்கு முன்னால் ஸ்ட்ரைக் என்ற அதே வாய். கேட்சர் திரும்பி பெஞ்சுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தவசிக்கண்ணு சார், "அட பாவி மனுஷா" என்று தலையில் அடித்துக்கொண்டார். மாடத்திக்கு அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, ரெண்டும் முட்டிக்கொண்டு எது முதலில் போவது என்று தெரியாமல் நின்றன. போச்சு என்று ஒரு பக்கம் சொல்லிற்று. இன்னொரு பக்கம், நம்பிட்டா, நம்பிட்டா என்று திரும்பத் திரும்பச் சொல்லிற்று. பந்தலை அவள் பார்க்கவில்லை. மண்மேட்டைத்தான் பார்த்தாள். நெட்டச்சி தொப்பியைச் சரி பண்ணி, மறுபடி கையை உறைக்குள்ளே கொண்டு போனாள். மாடத்தி மூச்சைப் பிடித்தாள். விரியவில்லை. மூடியே இருந்தது. அடிட்டி, என்றாள் மாடத்தி, சத்தமே வராமல், அங்கே அற்புதமணியின் இடுப்பு அதற்கு முன்பே அடிக்கச் சுழலத் தொடங்கியிருந்தது.